சாலையில் கிடந்த கல் காரின் அடியில் அடித்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா? (ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம்)

உச்சிப்புளிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். நேற்று இரவு ராமேஸ்வரத்திலிருந்து ஊர் திரும்பும்போது, மண்டபம் தாண்டி வந்த இடத்தில், எதிரே ஒரு பஸ் டிம் அடிக்காமலே வந்தது. அது கடந்ததும் பார்த்தால் என் பாதையில் ஒரு கருங்கல். பழுதாகி நின்ற லாரிக்கு டயரில் முட்டுக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் ஒடித்துப் போட்ட கருவேலங்கொப்பும் கிடந்தது. ஒதுங்க இடமில்லை. முன்பக்கம் அடியில் பலமாக அடித்தது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. இடப்பக்க முன் டயரும் கிழிந்திருக்கிறது. கல்லை உருட்டி ஓரத்தில் போட்டாச்சு. வண்டியைத் தள்ளி ஒரு டீக்கடை பக்கத்தில் விட்டிருக்கிறேன்.

ஃபுல் இன்சூரன்ஸ்தான், பம்பர் டு பம்பரும் (தேய்மானக் கழிவு பிடிக்காமல் தருகிற கூடுதல் சேர்க்கை) உண்டு. வண்டி வாங்கி நாலாவது வருடம் நடக்கிறது. ஆனால் பாலிசி போட்டுக் கொடுத்தவர், "வேற வண்டி எதுவும் மோதலையே சார், நீங்களா கல்லு மேல ஏத்தினா அது ஆக்சிடென்ட் கணக்குல வராது" என்கிறார். இது சரியா? இன்னொன்று, ஆயில் வாங்கி ஊற்றிவிட்டு மெதுவாக ராமநாதபுரம் வரைக்கும் ஓட்டிப்போய்விடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஓட்டலாமா?

ஸ்பேனர் கை:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டாதீர்கள் தம்பி. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் ஆகிறதா என்றுகூடப் பார்க்காதீர்கள்.

அடிபட்டது ஆயில் சேம்பர். இன்ஜின் ஆயில் முழுக்க அதில்தான் நிற்கும். சின்னக் காரில் மூன்று, நாலு லிட்டர்தான் இருக்கும். சேம்பர் விரிசல் விட்டால் நீங்கள் மேலே ஊற்றுகிற ஆயில் கீழே ரோட்டுக்குப் போகும். ஆயில் அழுத்தம் இல்லாமல் கிராங்க் (இன்ஜினுக்குள் சுழல்கிற தண்டு) சுற்றினால் பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும், அதாவது சுற்ற முடியாமல் இறுகிவிடும். அதற்குப் பல கிலோமீட்டர் தேவையில்லை, சில நிமிடம் போதும். சேம்பர் மாற்றுவது ஆயிரங்களில் முடிகிற வேலை. இன்ஜின் பிடித்துக்கொண்டால் லட்சக் கணக்கு.

இன்னொரு விஷயம், இதைப் படிக்கிற எல்லாருக்கும். ஆயில் ஒழுகவில்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. தகட்டுச் சேம்பராக இருந்தால் உடையாது, உள்ளே நெளியும். அந்த நெளிவு மேலே ஏறி, ஆயில் உறிஞ்சுகிற வடிகட்டியின் வாயை அடைத்துவிடும். சொட்டு ஆயில் கீழே விழாமலே இன்ஜின் வறண்டுபோகும். அலுமினியச் சேம்பர் நெளியாது, கீறல் விடும் அல்லது உடையும். இப்போது வருகிற பல வண்டிகளில் அடியில் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று இருக்கிறது. ஒழுகின ஆயில் அதில் தேங்கி நிற்கும், தரையில் ஒன்றும் தெரியாது. மறைப்பைக் கழற்றிப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சிவப்பு ஆயில் கேன் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அடுத்த பங்க், அடுத்த பட்டறை என்று பார்க்க வேண்டாம்.

ஓய்வு சர்வேயர்:

உச்சிப்புளித் தம்பி, ஏஜென்ட் சொன்னது தவறு. பல வருடம் மோட்டார் சர்வே, அதாவது கிளைமுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடுகிற வேலை, பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தவறான பேச்சால் நியாயமான கிளைமைக் கேட்காமலே விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலிசியின் முதல் பிரிவை எடுத்துப் படியுங்கள். தீ, இடி, திருட்டு, கலவரம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், நிலச்சரிவு என்று வரிசையாக இருக்கும். அதே வரிசையில் "வெளிக்காரணத்தால் நேரும் விபத்து" என்பதும் தனியாக இருக்கும். வேறொரு வண்டி மோத வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. சாலையில் கிடந்த கல், லாரியிலிருந்து விழுந்த மரக்கட்டை, கழன்று கிடந்த டயர் பட்டை, பெயின்ட் அடிக்காத வேகத்தடை எல்லாமே வெளிக்காரணம்தான். அடி காரின் முன்னால் விழுந்ததா, அடியில் விழுந்ததா என்ற வித்தியாசமும் கிடையாது.

எது வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேய்மானம், பழசாகிப் போனது, தானாக ஏற்பட்ட இயந்திரப் பழுது, அப்புறம் "தொடர் நஷ்டம்". இந்தக் கடைசி ஒன்றுதான் அடிப்பகுதி கிளைம்களில் சண்டைக்குக் காரணம். கல் அடித்துச் சேம்பர் உடைந்தது விபத்து. உடைந்த பிறகு ஓட்டி இன்ஜின் போனது விபத்தின் சேதம் இல்லை, தொடர் நஷ்டம் என்று கம்பெனி சொல்லும். பாலிசி நிபந்தனைகளிலும் நேரடியாகவே இருக்கிறது: விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டினால் அதனால் கூடுகிற சேதம் முழுவதும் உரிமையாளர் பொறுப்பு.

நீங்கள் அணைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். கிளைமில் பாதி வேலை அங்கேயே முடிந்தது. இனி செய்ய வேண்டியது இவ்வளவுதான். கம்பெனியின் கிளைம் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள், ஏஜென்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வண்டி நிற்கிற நிலை, தரையில் ஆயில், கல், கிழிந்த டயர், பின்னால் சாலை தெரிகிற மாதிரி ஒரு படம், எல்லாம் எடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்ற விடாதீர்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அடிப்படை பாலிசியிலேயே பக்கத்துப் பட்டறைக்கு எடுத்துச் செல்ல 1,500 ரூபாய் வரை உண்டு. ரோட்டோர உதவி தனியாக எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள்.

சாயல்குடி சேகரம்:

எல்லாம் சரி. ஆனால் கிளைம் போட்டே ஆக வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே. நான் போடாமல் விடுகிற கட்சி.

கிளைம் இல்லாத வருடங்களுக்குத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். 50 சதவீதத்தில் இருக்கிறவர் மறுபடி அந்த இடத்துக்கு வருவதற்குள் 50, 30, 25, 15, 5 என்று வருடா வருடம் இழக்கிறார். கூட்டினால் 125 சதவீதம். சொந்தச் சேதப் பகுதிக்கான (நம் வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் வருடத்துக்கு 8,000 என்று வைத்தால் மொத்த இழப்பு 10,000 ரூபாய். அதற்கு மேல் கட்டாயமாக நாம் கொடுக்கிற பங்கு, 1500 சிசி வரை 1,000, அதற்கு மேல் 2,000. ஆகவே பத்து, பதினொன்றாயிரத்துக்குள் பில் வந்தால் கையிலிருந்து கொடுத்துவிடுவதுதான் லாபம். எங்கள் சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் உப்பு லாரிகள் போகிற சாலையில் அடிபடாத சேம்பரே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் கிளைம் போட்டால் தள்ளுபடி என்ற பேச்சே இருக்காது.

ஓய்வு சர்வேயர்:

சேகரம் ஐயா கணக்கு சரி. பிரீமியம் வருடா வருடம் குறைவதால் உண்மையான இழப்பு இன்னும் கொஞ்சம் குறையும். தள்ளுபடிப் பாதுகாப்பு தனியாக எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால் ஒரு திருத்தம்: கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால் பில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. முதலில் தகவல் கொடுத்துவிடுங்கள். எஸ்டிமேட் வந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் கிளைமைத் திரும்பப் பெறலாம். பணம் வாங்காத கிளைமுக்குத் தள்ளுபடி போகாது, ஆனால் திரும்பப் பெற்றதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகவல் கொடுக்காமல் விட்டு, பத்து நாள் கழித்துக் கியர்பாக்ஸும் போயிருக்கிறது என்று தெரிந்து வருகிறவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள்.

தாமதமானால் எல்லாமே போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி நியாயமான கிளைமைத் தள்ளக் கூடாது என்று 2011 செப்டம்பரிலேயே இன்சூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

தேவிபட்டினம் டீச்சர்:

என் கேள்வி வேறு. உடனே நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்கிறீர்கள். பாம்பன் பாலத்தில் அடிபட்டால்?

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ராமேஸ்வரம் போகும்போது பாலத்தின் நடுப்பகுதியில் ஒரு இரும்புத் துண்டு. லாரியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அடியில் அடித்ததும் என் கணவர் நிறுத்தப் பார்த்தார். பின்னால் வரிசையாகப் பஸ், வேன். காற்று வேறு தள்ளுகிறது. பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஓரம் என்று ஒன்று கிடையாது. பிள்ளைகள் உள்ளே. மெதுவாக ஓட்டி பாம்பன் பக்கம் இறங்கிய பிறகுதான் நிறுத்தினோம். இன்ஜினில் சத்தம் வந்துவிட்டது. கம்பெனி சேம்பருக்கு மட்டும் கொடுத்தது. இன்ஜின் வேலைக்கு "விபத்துக்குப் பின் ஓட்டப்பட்டது" என்று ஒரே வரியில் மறுப்பு. பாலத்தில் நின்று பின்னால் வருகிற பஸ் மோதியிருந்தால் அதற்கும் இவர்கள்தானே பொறுப்பு ஏற்க வேண்டும்? உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓட்டியதை எப்படித் தவறு என்று சொல்ல முடியும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்பேனர் கை:

டீச்சர், வருத்தமாக இருக்கிறது. ஆனால் நான் பாலத்தில் நிறுத்தச் சொல்கிற ஆள்தான். நாலு பக்கமும் இண்டிகேட்டர் போட்டுவிட்டு, ஆட்களை இறக்கி நடைபாதையில் ஏற்றிவிட்டு, வண்டியை அணைத்துவிட வேண்டும். போலீஸுக்குச் சொன்னால் வந்து இழுத்துப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை செல்ஃபி எடுக்க எத்தனை வண்டி அங்கே நிற்கிறது?

தேவிபட்டினம் டீச்சர்:

பகலில் செல்ஃபிக்கு நிற்கிறவர்களைப் பார்த்து இரவில் குடும்பத்தோடு நிற்கச் சொல்லாதீர்கள் அண்ணே. அங்கே நிறுத்தக் கூடாது என்று போர்டு வைத்திருப்பதே ஆள் அடிபடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஓய்வு சர்வேயர்:

இதில் நான் டீச்சர் பக்கம். வண்டி போனால் போகட்டும், ஆள் முக்கியம்.

நிபந்தனையின் சொற்களைக் கவனியுங்கள். சேதம் கூடாமல் இருக்க "நியாயமான" முயற்சி எடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆபத்தான இடத்திலிருந்து பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவது ஒன்று. ஊர்வரை ஓட்டிப் போவது இன்னொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மறுப்பது நியாயம் இல்லை. ஆனால் சர்வேயர் அன்று பாலத்தில் இல்லை. கிளைம் படிவத்தில் "கல் அடித்தது, ஓட்டி வந்தேன்" என்று மட்டும் எழுதினால் அவர் படிப்பது அந்த ஒரு வரிக் கதையைத்தான். பாலத்தின் நடுவில் அடிபட்டது, நிறுத்தத் தடை, பின்னால் போக்குவரத்து, இறங்கியதும் முதல் பாதுகாப்பான இடத்தில் அணைத்தோம், ஓட்டிய தூரம் இவ்வளவு என்று படிவத்திலேயே எழுத வேண்டும். டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவையும் சேர்க்க வேண்டும்.

டீச்சர், மறுப்பு வந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றால் இன்னும் வழி உண்டு. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு, ஆம்பட்ஸ்மேன் என்பார்கள், எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது.

தேவிபட்டினம் டீச்சர்:

வருடம் ஆகவில்லை. இந்த வாரமே எழுதுகிறேன். நன்றி சார்.

கீழக்கரை மகன்:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் துபாயில் இருக்கிறேன். வாப்பா ஊரில் வண்டி ஓட்டுகிறார். போன மாதம் ஏர்வாடி போகிற வழியில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் ஏறி ரேடியேட்டர் கீழ்ப்பக்கம் கிழிந்தது. கிளைம் போட்டால் "உங்களுக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருக்கிறது" என்கிறார்கள். ஷோரூமில் வாங்கும்போது மூன்று வருட இன்சூரன்ஸ் என்றுதானே சொன்னார்கள்? இரண்டு வருடம்கூட முடியவில்லை.

ஓய்வு சர்வேயர்:

வ அலைக்கும் ஸலாம். இது பெரிய பொறி, எல்லாரும் கவனியுங்கள்.

2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம். அதாவது நம் வண்டி பிறருக்குச் செய்கிற சேதத்துக்கு மூன்று வருடம் பாதுகாப்பு. நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்கு மட்டும்தான் இருக்கும். ஒரே காகிதத்தில் இரண்டு முடிவுத் தேதி அச்சாகியிருக்கும். இரண்டாவது வருடம் சொந்தச் சேதப் பகுதியைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். அதை மட்டும் தனிப் பாலிசியாக எடுக்கிற வசதி 2019 செப்டம்பர் முதல் இருக்கிறது. வாப்பாவுக்கு நினைவூட்டுச் செய்தி உங்கள் துபாய் எண்ணுக்கோ பழைய ஊர் எண்ணுக்கோ போயிருக்கும். ரேடியேட்டருக்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது. புதுப்பிப்பதற்கு முன்னால் வண்டியை நேரில் பார்ப்பார்கள், பழைய சேதத்தைச் சரிசெய்து வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

கீழக்கரை மகன்:

காகிதத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு தேதி. ஷோரூமில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜஸாக்கல்லாஹ் சார்.

தங்கச்சிமடம் டிரைவர்:

நான் ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். தனுஷ்கோடி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்கள் அங்கேதான் அடியை உடைத்துக்கொள்கிறார்கள்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் ரோடு வந்தது. அதற்கு முன்னால் மணலில் போகிற வேன்கள்தான். ரோடு நல்ல ரோடு, ஆனால் இரண்டு பக்கமும் கடல். காற்று மாதங்களில் மணல் ரோட்டின் மேல் ஏறி வரப்பு மாதிரி நிற்கும். நேராகப் போகிற ரோடு என்பதால் வேகமாக வருவார்கள். அந்த வரப்பில் அடி தட்டும். மணல்தானே என்று நினைக்கிறார்கள், உள்ளே கரையோரம் போட்ட கல் உருண்டு வந்து கிடக்கும். கடல் பொங்கிய மறுநாள் கட்டாயம் கிடக்கும்.

ரோட்டில் அடிபட்டால் நீங்கள் சொல்கிற மாதிரி கிளைம் கிடைக்கும். ரோட்டை விட்டு மணலில் இறக்கிக் கடல் தண்ணீரில் ஓட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சர்வேயர் சார் சொல்லட்டும்.

சொந்த வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. வெள்ளை போர்டு வண்டியில் ஆள் ஏற்றி வாடகைக்கு ஓட்டி அடிபட்டால், கிளைமை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். பாலிசியில் எந்த உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கிறது. சீசனில் நாலு காசு பார்க்கலாம் என்று சொந்தக்காரரின் வண்டியை எடுத்து வருகிற பையன்கள் இதை யோசிப்பதே இல்லை. மஞ்சள் போர்டுக்கு வரியும் பிரீமியமும் கட்டுகிற எங்கள் வயிற்றெரிச்சல் தனி.

ஓய்வு சர்வேயர்:

டிரைவர் தம்பி சொன்ன இரண்டும் உண்மை. வெள்ளம் தேடி வந்து வண்டியை முழுகடித்தால் அது பாலிசியில் இருக்கிற காரணம். வண்டியைத் தேடிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கினால், பிறகு இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறியதை அடிப்படை பாலிசியில் கேட்க முடியாது. இன்ஜின் பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் சேர்க்கை இருக்கிறது. தண்ணீர் ஏறியது, அடிபட்டு ஆயில் ஒழுகியது, இந்த இரண்டாலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் உள்ளே கெட்டால் அதில் வரும். நம் கடற்கரைப் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் பம்பர் டு பம்பரைவிட இதை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பம்பர் டு பம்பர் தேய்மானக் கழிவைத்தான் தள்ளுபடி செய்யும், தொடர் நஷ்டத்தைத் தராது. எல்லாம் அடங்கிவிட்டது என்று பெயரைப் பார்த்து நம்புகிறார்கள். இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தாலும் விளக்கு எரிந்த பிறகு வேண்டுமென்றே ஓட்டினால் கேள்வி வரும்.

மின்வண்டி பரமக்குடி:

மின்சாரக் காருக்கு? எனக்கு அடியில் முழுக்க பேட்டரிதான். சேம்பரே கிடையாது என்று சந்தோஷப்பட முடியவில்லை, ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போகிறது.

ஓய்வு சர்வேயர்:

விதி அதேதான், வெளிக்காரணத்தால் அடிபட்டால் வரும். தொகை பெரிசு என்பதால் சிக்கலும் பெரிசு. மேல் உறையில் கீறலா, உள்ளே பேட்டரி செல் வரைக்கும் அடியா என்று கார் கம்பெனி ஆட்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பல சமயம் முழு பேட்டரியையும் மாற்றச் சொல்வார்கள். பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாகவே கணக்குப் பார்ப்பார்கள். வாரண்டியில் வெளி அடி வராது. ஆகவே பேட்டரிக்கான கூடுதல் சேர்க்கை இருக்கிறதா என்று பாருங்கள். அடித்த பிறகு எச்சரிக்கை வந்தாலோ, வாடை, புகை, சூடு தெரிந்தாலோ எல்லாரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

உச்சிப்புளிக்காரன்:

என் கிளைம் முடிந்தது, எல்லாருக்கும் பயன்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

ஏஜென்டை விட்டுவிட்டு நேராகக் கம்பெனிக்குப் பேசினேன். பதிவு எண் கொடுத்தார்கள். ரெக்கவரி வண்டியில் ராமநாதபுரம் கொண்டுபோனோம். சர்வேயர் வந்து, வண்டியை லிஃப்டில் ஏற்றி, பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றச் சொன்னார். அலுமினியச் சேம்பரில் கீறல், இடப்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்து நிற்கிற இரும்புக் கை) வளைவு, ரிம் நெளிவு, டயர் கிழிசல். "அடிச்ச பிறகு எவ்வளவு ஓட்டுனீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஓட்டவில்லை என்றதும் படங்களைக் கேட்டார். டீக்கடைப் பக்கம் தேங்கியிருந்த ஆயில் படம் பேசியது, நான் பேச வேண்டியிருக்கவில்லை.

சண்டை வந்த ஒரே இடம் துரு. சைலன்சர் தாங்கியும் லோயர் ஆர்மும் பழைய துருவால் போனவை, விபத்தால் இல்லை என்று எழுதப் போனார். ஸ்பேனர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னபடி ஆர்ம் வளைந்த இடத்தையும் கல் உரசிய இடத்தையும் துடைத்து வெளிச்சத்தில் காட்டினேன். உரசல் பளபளவென்று புதுசாக இருந்தது. ஆர்மை ஒத்துக்கொண்டார். சைலன்சர் தாங்கி உண்மையிலேயே துருப்பிடித்துத்தான் உதிர்ந்திருந்தது, அதை நானும் கேட்கவில்லை.

சேம்பர், ஆர்ம், ரிம், பிளாஸ்டிக் மறைப்பு, கூலி எல்லாம் கொடுத்தார்கள். டயருக்குப் பாதிதான். ஆயிலும் கேஸ்கெட் பேஸ்டும் என் கணக்கு. 1,000 ரூபாய் கட்டாயப் பங்கு என் கணக்கு. புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் பழைய மாதிரியே ஓடுகிறது.

ஸ்பேனர் கை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. துரு பற்றி இரண்டு வார்த்தை. நம் பக்கம் காற்றே உப்பு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்தில் நிற்கிற வண்டியின் அடியைப் பார்த்தால் மதுரை வண்டியைவிட இரண்டு மடங்கு வயசு தெரியும். துருப்பிடித்த இரும்பு உடைந்தால் உடைந்த வாயிலும் பழுப்பு இருக்கும். நல்ல இரும்பு அடிபட்டு உடைந்தால் வாய் வெள்ளையாக இருக்கும், ஆனால் திறந்து கிடந்தால் நம் காற்றில் சீக்கிரமே அதுவும் பழுத்துவிடும். அதனால் அடிபட்ட அன்றே கிட்டத்தில் படம் எடுங்கள். அரிச்சல்முனை போய் வந்தால் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சர்வீஸ் விடும்போது அடிப்பகுதியை ஒரு படம் எடுத்து வையுங்கள். அடி படுவதற்கு முன்னால் நன்றாக இருந்தது என்று காட்ட அதைவிட வேறு சாட்சி கிடைக்காது.

ஓய்வு சர்வேயர்:

டயர் பாதி ஏன் என்று கேட்பவர்களுக்கு: டயர் மட்டும் தனியாகக் கிழிந்தால் ஒன்றும் கிடையாது. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டால் புது டயர் விலையில் 50 சதவீதம். ஆயில், கூலன்ட், நட்டு போல்ட்டுக்கு நுகர்பொருள் சேர்க்கை தனி. பம்பர் டு பம்பர் இல்லாதவர்களுக்கு ரப்பர், பிளாஸ்டிக்கில் 50 சதவீதம் கழிவு, உலோகத்தில் வண்டி வயதுப்படி. நாலாவது வருடத்தில் 25, அஞ்சாவதில் 35, அஞ்சு முதல் பத்து வருடம் வரை 40 சதவீதம்.

சாயல்குடி சேகரம்:

ஒரு சந்தேகம். கல்லைப் போட்டது லாரிக்காரன். தண்டம் கட்டுவது நாம், தள்ளுபடி இழப்பதும் நாம். டேஷ்கேமில் லாரி நம்பர் விழுந்திருந்தால் அவன் இன்சூரன்ஸிலேயே கேட்க முடியாதா?

ஓய்வு சர்வேயர்:

முடியும். லாரியிலிருந்து கட்டை விழுந்தது, நம்பர் தெரிகிறது என்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில், அதாவது கோர்ட்டில், சொத்துச் சேதத்துக்கு மனுப் போடலாம். விபத்து நடந்த ஊரிலோ நீங்கள் குடியிருக்கிற ஊரிலோ போடலாம். சட்டத்தில் ஆறு மாதக் கெடு எழுதியிருக்கிறது, அதற்குள் போட்டுவிடுங்கள். வழக்கமான பாலிசியில் பிறர் சொத்துக்கு ஏழரை லட்சம் வரை பாதுகாப்பு இருக்கும். சிலர் பிரீமியம் குறைய 6,000 ரூபாய்க்குச் சுருக்கிக்கொள்வார்கள், அந்த லாரி எப்படி என்பது அதன் பாலிசியைப் பார்த்தால்தான் தெரியும். ஒரே செலவை இரண்டு பக்கமும் வாங்கக் கூடாது.

நம்பர் தெரியாத லாரி என்றால் வழி இல்லை. மோதிவிட்டுத் தப்பிய வண்டிக்கான அரசு நிவாரணம் உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டும்தான், வண்டிச் சேதத்துக்குக் கிடையாது.

சாயல்குடி சேகரம்:

அப்படியானால் சின்னச் சேம்பர் அடிக்குக் கோர்ட் கட்டுப்படியாகாது, பெரிய சேதத்துக்குப் பார்க்கலாம். சரி, நாளைக்கே ஒரு டேஷ்கேம் வாங்கி மாட்டுகிறேன். எந்த விலையில் வாங்கினால் இரவில் நம்பர் தெளிவாகத் தெரியும் என்று யாராவது சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் டிரைவர்:

விலையைவிட மெமரி கார்டைப் பாருங்கள் ஐயா. நம் வெயிலில் மட்டமான கார்டு சீக்கிரம் செத்துவிடும், வேண்டிய நேரத்தில் ஒன்றும் பதிவாகியிருக்காது. இரவில் எதிர் வெளிச்சம் தாங்குகிற மாதிரியா என்று கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கண்ணாடியில் உப்புப் படிந்தால் எந்தக் கேமராவும் தெளிவாகக் காட்டாது, ராமேஸ்வரம் பக்கம் வந்தால் தினமும் துடைக்க வேண்டும்.